முதலெழுத்து

பூம்பாறையின் கடைசி பஸ் திரும்பிவிட்டது.
பூண்டுத் தோட்டத்துக் கல்வரப்பில் உட்கார்ந்து
தவளையை எண்ணுகிறேன்.
டிக் டிக் டிக் டிக்.
நான்கு. பிறகு மூச்சுவிடும் நேரம். மறுபடி நான்கு.
ஓடைக்கு அக்கரையில் இருப்பவை ஆறு சொல்லும்,
அதே பச்சை, அதே கட்டைவிரல் நுனியளவு.
மூன்று மழைக்காலம் எண்ணியாயிற்று.
இக்கரையிலோ அக்கரையிலோ
ஒன்றுகூட ஐந்து சொன்னதில்லை.

ரெக்ஸ்லின் பதிவுக்கருவியை
ஜெர்கினுக்குள் அணைத்துவைத்திருக்கிறாள்,
குளிரில் பேட்டரி படுத்துவிடும்.

தோட்டத்துக்காரர் வீரணன் டார்ச்சோடு வந்தார்.
"ரெண்டும் ஒண்ணுதாம்மா. அங்கிட்டுக் கத்துறதும் இதேதான்."
சொல்லிக்கொண்டே மடியிலிருந்து இரண்டு பூண்டை எடுத்தார்.
"இது சிங்கப்பூர், இது மேட்டுப்பாளையம்.
எப்படித்தான் ஒண்ணுன்னு விலை பேசுறானுகளோ."
என் கண்ணுக்கு இரண்டும் பூண்டு.

பேர் வைப்பதில் பெரிய மர்மம் இல்லை.
முன்னால் பேரினம், பின்னால் சிற்றினம்.
ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிட்டால்
அடுத்த வரியிலிருந்து பேரினம்
ஓரெழுத்தாகச் சுருங்கி ஒரு புள்ளி வைத்துக்கொள்ளும்.
நம் பள்ளிக்கூட வருகைப் பதிவேடுதான்.
பொன்னுத்துரை என்கிற ஆறடி மனிதர்
எனக்கு முன்னால் வெறும் பொ. ஆக நின்றதுபோல.

இந்தத் தவளைகளை
நான் படிக்க வந்த பிறகே இரண்டு முறை
வேறு பேரினத்துக்குக் குடிமாற்றினார்கள்.
மாறும்போது சில பின்பெயர்களின் வாலும் மாறும்,
போன வீடு ஆண்பாலா பெண்பாலா என்று பார்த்து.
தமிழாக இருந்தால்
அஃறிணை என்று விட்டிருக்கும்.
முதலில் பேர் வைத்தவரைத் துரத்தமாட்டார்கள்,
அடைப்புக்குறிக்குள் உட்காரவைப்பார்கள்:
கண்டவர் இவர்தான், ஆனால் வேறு வீட்டில் கண்டார்.

ஜெ. சுடர்மதியாக நான் இருந்த ஏழு வருடம்
அப்பா அடைப்புக்குறிக்குள் இருந்தார்.
தீபாவளிக்கு வந்து போவார்.
பழைய எழுத்தைத் திரும்ப வாங்க
கெசட்டுக்குப் பணம் கட்டினேன்,
இரண்டு இடத்தில் அச்சுப்பிழை.

இரவு, பூண்டு கிட்டங்கிக்கு மேல் அறை.
மேசையில் டப்பா. டப்பாவில் இக்கரைத் தவளை,
இருபத்தொன்று புள்ளி நான்கு மில்லிமீட்டர்.
பேர் காற்றில் நிற்காது,
ஓர் உடம்பின் மேல்தான் நிற்கும். ஒரே உடம்பு.
சாராயக் குப்பி தயார்.
சீட்டைப் பென்சிலால்தான் எழுதவேண்டும், மை கரைந்துவிடும்.
இனி வரும் நான்குகள் எல்லாம்
இந்த ஒன்றை வைத்தே அளக்கப்படும்.
அதற்கென்ன தெரியும்.
பின்பெயருக்கு ஊரையே வைப்பதாக முடிவு.
பூம்பாறைக்கு லத்தீன் வால் ஒட்டிப் பார்த்து
ரெக்ஸ்லின் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை மணிக்கு டப்பா பேசியது.
டிக் டிக் டிக் டிக்
டிக்.

கருவி அணைந்திருந்தது.
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்,
கேட்கவில்லை என்று சொல்ல
யார் முதலில் வாய் திறப்பது என்பதுபோல.
"ரூம் சூடா இருக்குல்ல, அதனால இருக்கும்."
இருக்கலாம்.
வீரணன் சொன்னதாகவும் இருக்கலாம்.

சீட்டில் 'புதிது' என்றிருந்ததை அழித்தேன்.
பேரினத்தின் முதலெழுத்து, ஒரு புள்ளி,
அதற்கப்புறம் காலியிடம்.
அப்பன் பேர் தெரிந்து
தன் பேர் இன்னும் வராத பிள்ளை.

குப்பியை மூடிவிட்டுப் படியிறங்கினோம்.
எடுத்த வரப்பிலேயே விட்டோம்.
ஈரக்கல்லில் கொஞ்சநேரம் ஒட்டியிருந்தது,
பிறகு கல் மட்டும்.
அக்கரையில் ஆறு. இக்கரையில் நான்கு.
ரெக்ஸ்லின் புது பேட்டரி போட்டாள்.